பிளகினா, பெட்டியா? வீட்டில் இசை செய்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்

#1 ராத்திரி லூப்

நண்பர்களே, சிந்தசைசரை லேப்டாப்பில் ஓடும் மென்பொருளாக (பிளகின்) வைத்துக்கொள்வதா, தனிக் கருவியாக (பெட்டி) வாங்குவதா? இது நூறு தடவை கேட்கப்பட்ட கேள்வி என்று தெரியும், பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்பது என் சிக்கல் இல்லை.

இரண்டு வருடமாக லேப்டாப், ஹெட்ஃபோன், 25 கட்டை மிடி கீபோர்டு (தனக்கென்று சத்தம் கிடையாது, எதை அழுத்தினோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும்), இவ்வளவுதான் என் ஸ்டூடியோ. வைட்டல் இலவசப் பதிப்பு, சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸெட், அப்புறம் தள்ளுபடி வரும்போதெல்லாம் ஆசைப்பட்டு வாங்கிய ஐந்தாறு பிளகின்கள். நேற்று உட்கார்ந்து ஃபோல்டரை எண்ணினேன். 43 புராஜெக்ட். முடிந்தது ஒன்று. மீதி எல்லாம் எட்டு பார் லூப், அதாவது சுற்றிச் சுற்றி வரும் சின்னத் துண்டு, என் பெயருக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் பிரீசெட்டுகளை (முன்பே அமைத்துக் கொடுத்த சத்தங்களை) புரட்டியே ஒரு மணி நேரம் போய்விடுகிறது, பிடித்த சத்தம் ஒன்று கிடைக்கும்போது தூக்கம் வந்துவிடுகிறது.

இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர் வெளியூர் போகும்போது தன் மோனோ சிந்தசைசரை (சுருக்கமாகச் சிந்து) இரண்டு வாரம் என்னிடம் விட்டுப்போனார். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான், பிரீசெட் கிடையாது, திரை கிடையாது. ஒன்பது மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தேன், நிமிர்ந்து பார்த்தால் ஒன்றரை. இரண்டு முழுப் பாட்டுக்கான எலும்புக்கூடு கையில் இருந்தது. அப்படி ஒன்று இந்த இரண்டு வருடத்தில் நடக்கவே இல்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது குழப்பம். அது பெட்டியின் மகிமையா, புதுப் பொம்மை மயக்கமா? நான் ஒன்று வாங்கலாமா? மேசை சின்னது, ராத்திரியில்தான் நேரம் கிடைக்கும், வீட்டில் மற்றவர்கள் தூங்குவதால் ஸ்பீக்கர் போட வழியில்லை. இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

#2 ஒத்தை ஸ்பீக்கர்

மயக்கம்தான், சந்தேகமே வேண்டாம். மூன்றாவது மாதம் பெட்டிமேல் தூசி படியும், 44ஆவது லூப் ஃபோல்டரில் சேரும்.

லேப்டாப்பில் ஒரே பிளகினைப் பத்து டிராக்கில் பத்து விதமாகத் திறக்கலாம். பெட்டி வாங்கினால் அது ஒன்றே ஒன்றுதான், பேஸுக்கு வைத்தால் லீடுக்கு இல்லை. மிக்ஸில் டிரம்மும் குரலும் ஏறியபிறகு அது பிளகினா பெட்டியா என்று கேட்பவர் யாருக்கும் தெரியாது, உங்களுக்கே தெரியாது.

#3 குமிழ் திருகி

ஒத்தை ஸ்பீக்கர் எப்போதும் கேட்பவரிடமிருந்தே ஆரம்பிக்கிறார். கேள்வி செய்பவரைப் பற்றியது ஐயா.

நான் நேற்று செய்ததைச் சொல்கிறேன். பெட்டிக்குள்ளேயே இருக்கும், ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் 16 படி சீக்வென்சரில் ஐந்து ஸ்வரத்தைப் போட்டுச் சுற்றவிட்டேன். இடது கை கட்ஆஃப் குமிழில் (ஃபில்டர் எந்த உயரத்துக்கு மேல் சத்தத்தை வெட்டும் என்பது), வலது கை என்வலப்பின் டிகே குமிழில் (சத்தம் எவ்வளவு வேகமாகத் தேயும் என்பது). இடது கை மெதுவாகத் திறக்கத் திறக்க வலது கை டிகேயைச் சுருக்குகிறது, சத்தம் திறந்துகொண்டே குறுகுகிறது, அப்புறம் வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸைக் கொஞ்சம் ஏற்றினால் ஓர் இடத்தில் ஃபில்டரே விசில் அடிக்க ஆரம்பிக்கும், அந்த விசில் வருவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி அங்கேயே விளையாடினேன், நாற்பது நிமிடம். மவுஸில் ஒரு அம்புக்குறிதானே இருக்கிறது? ஒன்றைத் திருகும்போது இன்னொன்று சும்மா நிற்கும். காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று பிரிந்துபோய்விடும்.

ராத்திரி லூப்புக்கு ஒன்றரை மணி ஆனது தெரியாமல் போனது இதனால்தான். வாங்குங்கள்.

#4 ஒத்தை ஸ்பீக்கர்

குமிழ்தான் வேண்டுமென்றால் குமிழ் வைத்த மிடி கன்ட்ரோலர் ஒன்று போதுமே. எட்டு குமிழ், எட்டு ஃபேடர், எந்த பிளகினுக்கும் இணைக்கலாம். கை இரண்டும் வேலை செய்யும், உங்கள் விசிலும் வரும்.

#5 குமிழ் திருகி

அதையும் செய்து பார்த்தவன்தான். ஒரு பிளகினில் மூன்றாவது குமிழ் கட்ஆஃப், அடுத்ததில் அதே குமிழ் ரிவெர்ப். ஒவ்வொரு தடவையும் திருகுவதற்கு முன்னால் திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெட்டியில் கட்ஆஃப் இன்றைக்கும் அங்கேதான், நாளைக்கும் அங்கேதான், இருட்டில் தடவினாலும் கிடைக்கும்.

இன்னொன்று. சாதாரண மிடி கன்ட்ரோல் சிக்னலில் 0 முதல் 127 வரை மொத்தம் 128 படிதான். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஏறும் கட்ஆஃபை அந்த 128 படியில் பங்கு போட்டால், ஒரு படிக்குக் கிட்டத்தட்ட ஒரு செமிடோன் (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளி) வருகிறது. ரெசொனன்ஸ் ஏற்றி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டியது மாடிப்படி ஏறுவதுபோல் கேட்கும். பல பிளகின்கள் படிகளுக்கு நடுவே இழைத்துக் கொடுத்துச் சமாளிக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விசிலுக்கு மயிரிழை முன்னால் நிற்பது என்று சொன்னேனே, அந்த மயிரிழை சில நேரம் இரண்டு படிக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

#6 சாலிடர் புகை

இரண்டு பேரும் இரண்டு வேறு சண்டையை ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அனலாகா டிஜிட்டலா, அதாவது மின்சுற்றே சத்தம் போடுகிறதா, கணக்குப் போட்டு வருகிறதா என்பது ஒன்று. பெட்டியா கம்ப்யூட்டரா என்பது வேறொன்று.

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க டிஜிட்டல், ஆறு ஆபரேட்டர் (அலை உருவாக்கிகள்), அவற்றை இணைக்க 32 அல்காரிதம், 16 ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும். அதில் குமிழ் எங்கே? தட்டையான பட்டன்களும் மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடரும்தான். ஒவ்வொரு எண்ணாகத் தேடிப்போய் மாற்ற வேண்டும், அதனால் அதை வாங்கியவர்களில் பாதிப்பேர் கூடவே வந்த சத்தங்களோடு வாழ்ந்துவிட்டார்கள் என்று தைரியமாகச் சொல்வேன். அதைப் பின்பற்றிச் செய்த டெக்ஸெட் பிளகினைத் திறந்தால் அதே ஆறு ஆபரேட்டரும் ஒரே திரையில் விரிந்து கிடக்கின்றன, பழைய டிஎக்ஸ்7 பேட்ச் (சேமித்த சத்த அமைப்பு) கோப்புகளையும் அப்படியே ஏற்றலாம். இப்படி ஒரு அலையால் இன்னொன்றை ஆட்டிச் செய்யும் எஃப்எம் சத்தம் அமைப்பதற்குப் பெட்டியைவிடப் பிளகின்தான் கைக்கு அடக்கம். (அந்தப் பழைய பெட்டியின் 12 பிட் வெளியீட்டில் ஒரு மெல்லிய கரகரப்பு உண்டு, அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.)

மறுபக்கம் 1995இல் வந்த நோர்ட் லீடு, பிறகு ரோலண்டு ஜேபி-8000, ஆக்சஸ் வைரஸ். உடம்பெல்லாம் குமிழ், உள்ளே ஓடுவது டிஎஸ்பி சிப்பில் (ஒலியைக் கணக்கிடும் சிப்) மென்பொருள். ஜேபி-8000இன் சூப்பர்சா என்பது ஏழு சாடூத் (ரம்பப் பல் வடிவ) அலைகளைக் கொஞ்சம் கொஞ்சம் சுருதி தள்ளி அடுக்கியதுதான், அதை இன்றைக்கு எந்த இலவச பிளகினும் செய்யும். இன்னும் கிட்டத்தில் வந்தால், 2020இல் வந்த கோர்க் வேவ்ஸ்டேட்டுக்குள் இருப்பது ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் என்ற குட்டிக் கம்ப்யூட்டர். அதே சிந்தை அந்த நிறுவனமே பின்னால் பிளகினாகவும் விட்டது. அப்போது பெட்டிக்காரர் வாங்குவது எதை? சத்தத்தை இல்லை. அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒரு கம்ப்யூட்டரையும், அதற்கென்று வெட்டிய ஒரு முகப்பையும்.

அனலாக் என்பது தனிக் கதை. அதில் மின்னழுத்தம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது, சூடு ஏறினால் அது நகரும். பழைய பெட்டிகளை ஆன் செய்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்து சுருதி சேர்ப்பது வழக்கம், பாட்டின் நடுவில் இரண்டு ஆஸிலேட்டரும் (அலையை உண்டாக்கும் சுற்றுகள்) கொஞ்சம் கொஞ்சம் விலகிச் சேர்வதைத்தான் உயிரோட்டம் என்கிறோம். 1970இன் மினிமூகில் மூன்று ஆஸிலேட்டர், அவை மூன்றும் ஒன்றோடொன்று முழுசாக ஒத்துப்போகாததில்தான் பாதி அழகு.

இதையும் மென்பொருள் பிடித்துவிட்டதா என்றால், பெரும்பாலும் பிடித்துவிட்டது. ஏன் முன்னால் பிடிக்கவில்லை என்பது சுவாரஸ்யமானது. ஃபில்டரில் ரெசொனன்ஸ் என்பது வெளியே வந்த சிக்னலைத் திரும்ப உள்ளே விடுவது. மின்சுற்றில் அது அந்தக் கணமே நடந்துவிடும். கணக்குப் போட்டுச் செய்யும்போது ஒலியை நொடிக்கு 44,100 துண்டாக (சாம்பிள்) வெட்டுகிறோம், இந்த சாம்பிளின் விடை வந்தால்தானே அதைத் திரும்ப ஊட்ட முடியும்? அதனால் பழைய பிளகின்கள் முந்தின சாம்பிளின் விடையை ஊட்டிச் சமாளித்தன. நொடியில் 44,100இல் ஒரு பங்கு தாமதம்தான், ஆனால் கட்ஆஃபும் ரெசொனன்ஸும் ஏற ஏற ஃபில்டரின் சுருதியும் குணமும் அதனாலேயே கெட்டுப்போகும். 2011இல் வந்த, யூ-ஹி நிறுவனத்தின் டீவா பிளகின் மாதிரியானவை அந்தச் சமன்பாட்டை அதே சாம்பிளுக்குள் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கூலியாக சிபியுவைத் தின்கின்றன. அதில் டிராஃப்ட்டிலிருந்து டிவைன் வரை தரத்தை மாற்ற ஒரு தேர்வு இருக்கிறதே, அது எதற்கென்று இப்போது தெரிந்திருக்கும்.

#7 சும்மா கேட்கிறேன்

நான் புதுசு, மன்னிக்கவும். லேப்டாப்பில் கட்டையை அழுத்தினால் சத்தம் கொஞ்சம் கழித்து வருகிறது. பெட்டியில் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார்கள், உண்மையா? என் லேப்டாப்தான் பழசா?

#8 ஒத்தை ஸ்பீக்கர்

லேப்டாப்பைக் குறை சொல்லும் முன்னால் பஃபரைப் பாருங்கள், லேப்டாப் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து அனுப்புகிறது என்பது அது. ஆடியோ செட்டிங்கில் 1024 என்று இருந்தால், 1024ஐ 44,100ஆல் வகுங்கள், 23 மில்லிசெகண்டு. அதோடு இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்குள் ஒலியைக் கொண்டுபோய் வெளியே எடுக்கும் கருவி) எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். கை அதை உணர்ந்துவிடும். 256க்கு இறக்கினால் 5.8, 128க்கு இறக்கினால் 2.9. விண்டோஸ் என்றால் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) போடாமல் இதெல்லாம் பெரும்பாலும் நடக்காது. பஃபரைக் குறைக்கக் குறைக்க சிபியு மூச்சுவாங்கும், படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும், அப்போது ஒரு படி மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. அவ்வளவுதான் சூத்திரம்.

காற்றில் சத்தம் ஒரு மீட்டர் தாண்டக் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்டு ஆகிறது. ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிக்கும் பெட்டிக்காரருக்கும் 6 மில்லிசெகண்டு லேட்டன்சிதான், யாரும் அழுவதில்லை.

பெட்டியும் மந்திரம் இல்லை. மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்துக்கான செய்தி போய்ச்சேர ஒரு மில்லிசெகண்டு, நான்கு ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தும் கார்டு என்றால் முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் மூன்று மில்லிசெகண்டு. 1983இலிருந்து உலகம் இதை வைத்துத்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

#9 சும்மா கேட்கிறேன்

1024தான் இருந்தது! 128 ஆக்கினேன், ஒட்டிக்கொண்டு வருகிறது. நன்றி நன்றி.

#10 மூன்றாம் மாடி பேஸ்

ராத்திரி லூப், நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவன். ஒரு காலத்தில் மேசையில் ஐந்து பெட்டி. ஐந்து பெட்டிக்கு ஐந்து அடாப்டர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வோல்ட், ஒவ்வொன்றும் பக்கத்துத் துளையை மறைக்கும் அளவுக்கு வயிறு பெருத்தது. ஆடியோ இன்டர்ஃபேஸில் இருந்தது இரண்டு உள்ளீடு. எதை வாசிப்பது என்று முடிவு செய்வதற்குள் மேசைக்கு அடியில் படுத்துக் கேபிள் மாற்ற வேண்டும். இசை செய்த நேரத்தைவிட மேசைக்கு அடியில் இருந்த நேரம் அதிகம்.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. ஒரு குறும்படத்துக்குப் பின்னணி செய்து கொடுத்தேன், பேஸ் முழுக்க நினைவகம் இல்லாத ஒரு மோனோ சிந்தில். மூன்று வாரம் கழித்து அவர்கள் காட்சியை வெட்டி, இந்த இரண்டு பாரை மட்டும் வேறு ஸ்வரத்தில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். பிளகின் என்றால் இரண்டு நிமிட வேலை. நான் குமிழ்களை ஃபோனில் படம் எடுத்துத்தான் வைத்திருந்தேன். படத்தைப் பார்த்து அதேபோல் திருகினேன், கிட்டத்தில் வருகிறது, அதே சத்தம் வரவில்லை. கட்ஆஃப் குமிழ் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்று படத்தில் தெரிகிறது, அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று தெரியவில்லை. கடைசியில் பேஸ் முழுவதையும் புதிதாக வாசித்துப் பதிந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது நான்கை விற்றுவிட்டேன். ஒன்று இருக்கிறது.

#11 குமிழ் திருகி

வலிக்கிறது, ஆனால் இதிலேயே ஒரு நல்லதும் இருக்கிறது. திரும்ப வராது என்று தெரிவதால் நான் அப்போதே ஆடியோவாகப் பதிந்துவிடுகிறேன். பதிந்தபிறகு அது கல்லில் வெட்டியது, நாளைக்கு உட்கார்ந்து ஆஸிலேட்டரை நோண்ட முடியாது, அதனால் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். ராத்திரி லூப்பின் 43 புராஜெக்டும் ஏன் திறந்தே கிடக்கின்றன என்றால், அவற்றில் எதுவும் மூடவே முடியாதபடி எல்லாமே எப்போதும் மாற்றக்கூடியதாக இருக்கிறது.

#12 ஒத்தை ஸ்பீக்கர்

பிளகின் டிராக்கையும் ஆடியோவாக மாற்றிவிடலாமே. வலது கிளிக், ஃப்ரீஸ், முடிந்தது.

#13 குமிழ் திருகி

முடியும். செய்கிறீர்களா?

#14 ஒத்தை ஸ்பீக்கர்

...இல்லை.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். நானும் சும்மா பேசவில்லை, போன வருடம் ஒரு சோதனை வைத்தேன். கைவசம் இருந்த ஒரு மோனோ சிந்திலும் அதன் பிளகின் நகலிலும் ஒரே பேஸ் வரியை மிடியிலிருந்து ஓட்டிப் பதிந்தேன். சத்த அளவைச் சமப்படுத்தினேன், இது முக்கியம், ஒரு டெசிபல் கூடினால்கூட எல்லோரும் சத்தமான பக்கத்தைத்தான் "கொழுப்பாக இருக்கிறது" என்பார்கள். மூன்று நண்பர்கள், பெயர் மறைத்து மாற்றி மாற்றி ஓட்டினேன். தனியாகக் கேட்டபோது ஒருவர் மட்டும் சரியாகச் சொன்னார், அதுவும் ஃபில்டரை மேலே இழுக்கும் இடத்தில். டிரம்மும் பேடும் சேர்த்து ஓட்டினேன், மூவருமே காசு சுண்டியதுபோல்தான் சொன்னார்கள்.

மூன்று பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் எனக்கு அன்றைக்கே அந்தச் சண்டை தீர்ந்துவிட்டது.

#15 சாலிடர் புகை

நேர்மையான சோதனை. ஆனால் எதை ஓட்டினீர்களோ அதற்குத்தான் விடை கிடைக்கும். கீழ் ஸ்வரத்தில் நிதானமாகப் போகும் பேஸ் வரி, பிளகினுக்கு மிகச் சுலபமான பரீட்சை. ஒரு ஆஸிலேட்டரால் ஃபில்டரையே ஆடியோ வேகத்தில் ஆட்டிப் பாருங்கள், இல்லையென்றால் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைச் சுருதி இழுத்துக்கொண்டே போங்கள். 44,100 சாம்பிளில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் இடமே இல்லை, அதற்கு மேல் போக வேண்டிய ஹார்மானிக்குகள் (ஸ்வரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல் அதிர்வுகள்) மடங்கிக் கீழே வந்து விழும். ஸ்வரம் மேலே ஏறும்போது பின்னால் ஏதோ ஒன்று கீழே இறங்குவதுபோல் கேட்கும், பழைய பிளகின்களில் அது தெளிவாகவே தெரியும். இப்போதையவை ஓவர்சாம்பிளிங் செய்து, அதாவது உள்ளுக்குள் இன்னும் அதிக சாம்பிளில் கணக்குப் போட்டு, இதைப் பெரும்பாலும் அடக்கிவிட்டன. டிஜிட்டல் பெட்டிகளுக்கும் இதே வியாதி உண்டு என்பதைக் குமிழ் திருகி கவனிக்கவும்.

பெட்டி என்றால் ஆயுசுக்கும் நிற்கும் என்ற பேச்சும் இங்கே அடிக்கடி வருகிறது, அதற்கு என் கதை. எண்பதுகளின் ஆறு குரல் பெட்டி ஒன்று, பெயர் வேண்டாம், பழசாக வாங்கினேன். விற்றவர் வீட்டில் அருமையாகப் பேசியது. என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, ஐந்து ஸ்வரம் கேட்கும், ஆறாவது கேட்காது. ஒவ்வொரு ஆறாவது அழுத்தலுக்கும் மௌனம். மூன்று ஸ்வரக் கார்டு வாசித்தால் ஒரு தடவை முழுசாக, ஒரு தடவை ஓட்டையாக. ஒரு குரலின் சுற்று செத்துவிட்டது. சரி பார்ப்போம் என்று திறந்தேன், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வற்றிப்போயிருந்தன, நினைவகத்துக்கான பேட்டரியும் கடைசி மூச்சில். பேட்டரியைக் கழற்றும் முன்னால் பேட்ச்களைச் சேமிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு மறந்துவிட்டேன். முந்தைய உரிமையாளர் முப்பது வருடமாகச் சேர்த்த அத்தனையும் போயிற்று. இரண்டு மாத மாலைகள் செலவாயின. இப்போது ஆறு குரலும் பேசுகின்றன.

ஆனால் பாருங்கள், திறந்தேன், சரி செய்தேன். 2019இல் மேக்ஓஎஸ் காட்டலினா 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது என்னிடமிருந்த நான்கு பிளகின்கள் ஒரே நாளில் ஊமையாகின. எழுதியவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள், எந்த சாலிடரும் உதவாது. அவற்றை வைத்துச் செய்த பாட்டுகள் இன்றைக்கும் திறக்கின்றன, அந்த டிராக்குகள் மட்டும் காலியாக. இதனாலும் சொல்கிறேன், ஒத்தை ஸ்பீக்கர், ஃப்ரீஸ் செய்யுங்கள்.

#16 மூன்றாம் மாடி பேஸ்

விஷயத்துக்கு வருவோம். ராத்திரி லூப், வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அந்த மோனோ சிந்து உங்களுக்குக் கொடுத்தது குமிழா, இல்லை வேறு வழியில்லாத நிலையா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு மாதம் ஒரே பிளகின். சர்ஜ் எக்ஸ்டி என்று வைத்துக்கொள்வோம். பிரீசெட் பட்டியலைத் திறக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் இனிட் பேட்சிலிருந்து (எதுவும் அமைக்காத வெறும் தொடக்கச் சத்தம்) ஆரம்பிக்க வேண்டும். ஒரு டிராக்குக்கு ஒரே ஒரு தடவை வாசிப்பு, பிடித்தால் உடனே ஆடியோவாக மாற்றிவிட்டுப் பிளகினை அழித்துவிடுங்கள். கன்ட்ரோலர் இருந்தால் எட்டு குமிழுக்கு எட்டு வேலை, ஒரு தடவை தீர்மானித்து, டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

இதிலேயே பாட்டு முடிகிறது என்றால் பெட்டி தேவையில்லை.

#17 குமிழ் திருகி

இது பெட்டிக்காரர்களுக்கு எதிரான சதி. ஆனால் நியாயமான சதி.

#18 ராத்திரி லூப்

செய்கிறேன். மிடி கீபோர்டிலேயே எட்டு குமிழ் இருக்கிறது, இரண்டு வருடத்தில் தொட்டதே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்து வருகிறேன்.

#19 சும்மா கேட்கிறேன்

அதற்குள் ஒரு சின்னக் கேள்வி, நான் முதல் சிந்தாக எதைக் கற்றுக்கொள்வது? இரண்டில் எது சுலபம்?

#20 சாலிடர் புகை

கைவசம் இருப்பதில் ஆரம்பியுங்கள். ஒரு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு என்வலப். மற்ற எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். சாடூத் அலையைப் போட்டு, கட்ஆஃபை முழுக்க மூடி, மெதுவாகத் திறந்து கேளுங்கள், ஹார்மானிக் ஒவ்வொன்றாக வெளியே வருவது கேட்கும்வரை. ரெசொனன்ஸைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் இன்னும் துல்லியமாகக் கேட்கும். அது கேட்டுவிட்டால் எந்தப் பெட்டியின் முன்னாலும் எந்தப் பிளகினின் முன்னாலும் பயமில்லாமல் உட்காரலாம். வைட்டலில் அலையின் வடிவம் திரையில் அசைந்துகொண்டே இருக்கும், காதுக்குக் கண் துணை, புதியவர்களுக்கு அது பெரிய உதவி. இதில் மட்டும் நான் பிளகின் கட்சி.

#21 ராத்திரி லூப்

ஐந்து வாரம் ஆகிவிட்டது. கணக்கு சொல்கிறேன்.

மூன்று பாட்டு முடிந்தது. முடிந்தது என்றால் ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் இருக்கிறது, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், முழுசாகக் கேட்டார். அதனால் மூன்றாம் மாடி பேஸ் சொன்னது பெரும்பாலும் சரி, என்னைக் கட்டிப்போட்டிருந்தது பிரீசெட் பட்டியல்தான். முதல் வாரம் இனிட் பேட்சின் அந்த வெறும் சாடூத்தைக் கேட்டாலே எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் என்வலப்பை எதற்காகத் தொடுகிறேன் என்று தெரிந்து தொட ஆரம்பித்தேன். ஆடியோவாக மாற்றிப் பிளகினை அழிக்கும்போது மட்டும் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

குமிழ்களுக்கு டேப் ஒட்டினேன். கட்ஆஃப், ரெசொனன்ஸ், அட்டாக், டிகே, அப்புறம் நான்கு. இரண்டு வாரத்தில் பார்க்காமலே போக ஆரம்பித்துவிட்டது. ஆனால் குமிழ் திருகி சொன்ன மாடிப்படியும் கேட்டது, ஒரே ஒரு பாட்டில், மெதுவாக ஃபில்டர் திறக்கும் நீண்ட இடத்தில். கடைசியில் குமிழ் எப்போது எவ்வளவு நகர வேண்டும் என்பதை மவுஸால் ஆட்டோமேஷன் கோடாக வரைந்தேன். வழவழவென்று வந்தது, ஆனால் வாசித்த மாதிரி இல்லை, வரைந்த மாதிரியே இருந்தது.

அந்த ஓர் இடத்துக்காக மூன்று நாள் யோசித்துவிட்டு, அந்தத் தெரிந்தவரிடமே போய்க் கேட்டேன். அவர் அதிகம் தொடுவதில்லை என்றார், கொடுத்துவிட்டார். இப்போது அதே மோனோ சிந்து மேசையில் இருக்கிறது, பக்கத்தில் சர்ஜ். ஒத்தை ஸ்பீக்கர், சிரியுங்கள், பரவாயில்லை.

இப்போது புதுத் தொல்லை. பெட்டியை யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் ஆடியோவை இன்டர்ஃபேஸில் கொடுத்தால் பின்னால் "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சல், நடுவில் கிறீச்சென்று வேறு. மவுஸை நகர்த்தினால் அந்தக் கிறீச்சும் கூடவே நகர்கிறது! அவர் வீட்டில் இது இல்லையாம்.

#22 ஒத்தை ஸ்பீக்கர்

சிரிக்கவில்லை. நானும் போன வாரத்திலிருந்து ஃப்ரீஸ் செய்கிறேன்.

#23 சாலிடர் புகை

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் அது கிரவுண்டு லூப். பெட்டியும் இன்டர்ஃபேஸும் யுஎஸ்பியின் தரைக்கம்பி வழியாக ஒரு தடவை, ஆடியோ கேபிளின் தரைக்கம்பி வழியாக இன்னொரு தடவை இணைந்து வட்டமாகிவிட்டன, லேப்டாப்பின் மின் அழுக்கு அந்த வட்டத்தில் சுற்றி ஆடியோவுக்குள் ஏறுகிறது.

சுலபமான வழி, யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு இன்டர்ஃபேஸின் ஐந்து முள் மிடி அவுட்டிலிருந்து பெட்டியின் மிடி இன்னுக்குப் போங்கள். அந்த உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் இருக்கிறது, செய்தி ஒளியாகத் தாண்டுகிறது, கம்பியால் தொடர்பில்லை. 1983இல் இதை யோசித்து வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. இன்டர்ஃபேஸில் மிடி துளை இல்லையென்றால், நடுவில் ஒரு யுஎஸ்பி ஐசொலேட்டர் போடலாம், இல்லை ஆடியோ பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ். சார்ஜரின் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்லி யாராவது வருவார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள், அது உயிர் சமாச்சாரம்.

#24 ராத்திரி லூப்

பிடுங்கியதும் நின்றது. இன்டர்ஃபேஸின் பின்பக்கம் பார்த்தேன், மிடி துளை இருக்கிறது, இத்தனை நாள் அது எதற்கென்றே தெரியாது. கேபிள் தேடப் போகிறேன்.

#25 மூன்றாம் மாடி பேஸ்

மேசைக்கு அடியில் வரவேற்கிறேன்.